குறி அழிந்த அறை

அரிசி எடுக்கச் சாமான் அறைக் கதவைத் திறந்தபோது தைல வாடை அடித்தது.

சங்கையா அப்படியே நின்றார். அந்த அறையில் தைலம் கிடையாது. ஜன்னல்கூடக் கிடையாது. இரண்டு அரிசி மூட்டை, ஒரு குவியல் தேங்காய், துருப்பிடித்த தகரப் பெட்டி, மில்லிலிருந்து என்றோ கொண்டுவந்த கழிவுப் பஞ்சுச் சாக்கு, இவ்வளவுதான் சரக்கு. எப்போது திறந்தாலும் எலிப் புழுக்கையும் பழஞ்சாக்கும் கலந்த காய்ந்த வாடைதான் மூக்கில் ஏறும். இன்றைக்கு அதற்குப் பதிலாக, பக்கவாதத்தில் விழுந்த பெஞ்சாதிக்குக் காலையும் மாலையும் தேய்த்துவிடும் தைலத்தின் வாடை, அதோடு டெட்டால், அதோடு வெகுநாள் படுக்கையில் கிடக்கும் உடம்புக்கே உள்ள புளித்த வாடை, எல்லாம் சேர்ந்து இருட்டுக்குள்ளிருந்து வந்து முகத்தில் மோதியது.

வெள்ளைத்தாய் கிடப்பது பக்கத்து அறையில். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.

"எந்த மூதேவி இங்க தைலத்தக் கொட்டுனது" என்று கேட்டார். வீட்டில் அவரையும் அவளையும் தவிர யாரும் கிடையாது. அவளால் எழுந்து வரவும் முடியாது. எலிதான் தைலப் பாட்டிலை உருட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று முடிவு செய்து, அந்த எலியை அதன் வம்சத்தோடு திட்டியபடியே அரிசியை அள்ளினார்.

அப்போது டங் என்று கேட்டது.

அது வெள்ளைத்தாய் கூப்பிடும் சத்தம். பேச்சும் போய், வலப்பக்கமும் செத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது இடக்கை ஒன்றுதான். அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் திரும்பிப் படுக்கவைக்க வேண்டும். இரும்புக் கட்டிலின் கம்பியில் அவள் தட்டுவது தெருமுனைவரை கேட்கும். அந்தச் சத்தத்தில் சந்தேகமே வராது.

ஆனால் அது வலப்பக்கத்துச் சுவருக்கு அப்பாலிருந்து வரவில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது.

படி கையிலிருந்து நழுவியது. அரிசி சிதறியது. சங்கையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சின்ன வயசிலிருந்தே பயம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் அவருக்குக் கோபம்தான் வரும். கதவை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். வெள்ளைத்தாய் அவள் கட்டிலில்தான் கிடந்தாள். டம்ளர் கையில் இருந்தது. கண் அவரைப் பார்க்கவில்லை. அறையை ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டிருந்தது, புதிதாக வந்த இடத்தைப் பார்ப்பதுபோல.

"என்னட்டி முழிக்க. தண்ணியா?"

அவள் தண்ணீரைக் குடித்தாள். கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனதும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முந்தாநாளிலிருந்து இதே கதைதான். தெருவில் இருக்கும் நர்சம்மா காலையில் வந்து பார்த்துவிட்டு, இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது உள்ளே போகவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போடவேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்குமா தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காரணம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்.

மகள் மாரீஸ்வரி மஸ்கட்டில் நர்ஸ். அம்மா விழுந்ததும் லீவு போட்டு வந்தவள், திரும்பிப் போகும் முன் தான் கஞ்சி ஊட்டுவதைப் போனில் படம் பிடித்து, படிக்கிற காலத்தில் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனாள். முன்னறையில் மேஜையைப் போட்டு, வெள்ளைத்தாயின் கட்டிலுக்கு நேரே தெரியும்படி திரையைத் திருப்பி வைத்தாள். திரையில் ஒரு கிண்ணத்தின் படம் இருக்கும். அதை இரண்டு தடவை அமுக்கினால் மகளின் முகம் பெரிதாக வரும். "வாயத் தொறம்மா. இன்னும் ஒரு வாய்." அந்தக் குரலைக் கேட்டால்தான் வெள்ளைத்தாய் வாயைத் திறப்பாள். சங்கையா சொன்னால் திறக்கமாட்டாள். குடும்பம் நடத்திய காலமெல்லாம் அதட்டியதற்கு இப்போது பழிவாங்குகிறாள் என்று அவருக்கு எரிச்சல்.

முந்தாநாள் பெட்டி மண்டையைப் போட்டது. ராஜபாளையத்தில் உள்ள கடைக்காரர்கள் அத்தனை பேரோடும் அவர் ஏற்கெனவே சண்டை போட்டு முடித்திருந்ததால், பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். தேரடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. ஜெபின் என்று ஒரு பையன். பால்கோவா தின்ற விரலைப் பேண்டில் துடைத்துவிட்டுப் பெட்டியைத் தொட்டான். அப்போதே அவருக்கு அவனைப் பிடிக்கவில்லை.

நேற்று வாங்கப் போனபோது அவன் சொன்னான்: "பழைய டிஸ்க் போயிருச்சு அண்ணாச்சி. புதுசு மாட்டி எல்லாத்தையும் அதுல ஏத்திட்டேன். ஒண்ணும் அழியல."

"அழிஞ்சிருந்தா மட்டும் நீ சொல்லவா போற."

அவன் சிரித்தான். "ஒங்க மக இதுல ரெண்டு விண்டோஸ் வச்சிருக்காவ. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. தொறக்கும்போது கருப்புத் திரையில எது வேணும்னு கேக்கும். மேல உள்ளது பழசு. கீழ உள்ளது புதுசு. படம் புதுசுலதான் ஓடும்."

"ஒரு வீட்டுக்கு எதுக்குலே ரெண்டு குடித்தனம்?"

"அதேதான் அண்ணாச்சி. வீடுன்னே வச்சுக்கோங்க. உள்ள ரூம் ரூமா இருக்கு. ஒவ்வொரு ரூம் வாசல்லயும் சி, டி, ஈன்னு ஒரு போர்டு. ஒங்க படம் டி ரூம்ல இருக்கு. அம்புட்டுதான்."

வீட்டுக்கு வந்ததும் சங்கையா செய்த முதல் வேலை, நீல மெழுகுக் கட்டியை எடுத்துக் கதவுகளில் எழுதியதுதான். மில்லின் பஞ்சு குடோனில் மேஸ்திரியாக இருந்தவர் அவர். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்ற அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வந்தது பஞ்சுப் பொதிகளில் குறி போட்டுத்தான். எழுத்துத் தெரியும், வார்த்தை தெரியாது. வாய் சொல்வதை நம்பாதே, குறியை நம்பு என்பது குடோன் பாடம். ஒரு பொதி எங்கே கிடந்தாலும் அதன் மேல் என்ன குறியோ அதுதான் அந்தப் பொதி. குறி இல்லாத பொதி கணக்கிலேயே வராது. ஆகவே கம்ப்யூட்டர் இருக்கும் முன்னறைக் கதவில் சி. வெள்ளைத்தாயின் அறையில் டி, அவளுடைய படம் டியில் இருப்பதால். அதற்குப் பக்கத்தில் சாமான் அறை, ஈ. பையன் சொன்னது மண்டையில் நிற்கட்டும் என்று எழுதியதுதான். வேறொன்றும் நினைக்கவில்லை.

பிறகு பெட்டியை ஓடவிட்டு, கீழே உள்ள பெயரைத் தேர்ந்து, கிண்ணத்தை அமுக்கினார். படம் வரவில்லை. ஏதோ ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது.

நேற்றிலிருந்து பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. மஞ்சள் முக்கோணமும் வந்துகொண்டே இருக்கிறது.

மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. விளக்குப் போடாமல் ஆள் முகம் தெரியாத அளவுக்கு இருட்டி, முருங்கை மரத்து இலைகூட அசையாமல், எங்கோ ஒரு மில்லின் ஓட்டம் மட்டும் தரைக்கடியில் முனகுவதுபோல கேட்டுக்கொண்டிருந்தது. சங்கையா கஞ்சியைச் சுடவைத்து, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு டி என்று எழுதியிருந்த கதவைத் தள்ளினார்.

உள்ளே அரிசி மூட்டைகள் இருந்தன.

தேங்காய்க் குவியல். தகரப் பெட்டி. காலையில் சிதறிய அரிசி தரையில் அப்படியே கிடந்தது. ஜன்னல் இல்லை.

கதவு மாறிவிட்டோம் என்று வெளியே வந்து பார்த்தார். டி. அவர் கையெழுத்து. கதவின் மேல் கீலைப் பார்த்தார். அதில் ஒரு ஆணி மட்டும் பித்தளை, இரும்பு ஆணி கிடைக்காமல் அவரே முடுக்கியது. வெள்ளைத்தாயின் கதவில்தான் அந்த ஆணி உண்டு. இருந்தது. கதவு அவளுடையது. அறை அவளுடையது இல்லை.

கிண்ணம் ஆடியது. சூடு கையில் வழிந்தது. பக்கத்துக் கதவை, ஈயை, காலால் உதைத்துத் திறந்தார்.

கட்டில். ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே முருங்கை. சாமான் அறைக்கு என்றைக்குமே இல்லாத அந்த ஜன்னல். வெள்ளைத்தாய் அவரைப் பார்த்தாள். இடது கண்ணில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. டம்ளரை மார்போடு அணைத்து வைத்திருந்தாள்.

"யாருட்டி வந்தது?" என்றார். "யாரு உன்னத் தூக்கி இங்க போட்டது?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்றா, தெரியாது என்றா, புரியவில்லை.

போனை எடுத்தார். பொத்தான் போன்தான். தடவுகிற போன் எதையும் அவர் நம்புவதில்லை. மகள் டூட்டியில் இருப்பாள், எடுக்கமாட்டாள். ஜெபினுக்குப் போட்டார்.

"ஏலே. என் வீட்டுக்குள்ள என்னலே பண்ணி வச்சிருக்க?"

"என்னாச்சு அண்ணாச்சி?"

"டியத் தொறந்தா ஈல உள்ளது இருக்கு. ஈயத் தொறந்தா டில உள்ளது இருக்கு."

"அட, அம்புட்டுதானா." அவன் சிரித்தது காதுக்குள் கரகரத்தது. "புது டிஸ்க்ல போர்டு மாறிக்கிடுச்சு அண்ணாச்சி. பழைய விண்டோஸ்ல போனா சரியா இருக்கும், புதுசுல போனா தலைகீழாத் தெரியும். உள்ள இருக்கது எங்கயும் போகல. ஈக்குள்ள போயி படத்தத் தேடிப் பாருங்க."

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்சா உன்கிட்ட எதுக்குலே பேசிக்கிட்டிருக்கேன். என் டி எனக்கு டியா வேணும். நேருல வா."

"மழை வருது அண்ணாச்சி, காலையில வாரேன்."

"காலைலயா. அதுக்குள்ள இவ போயிருவா. இப்பச் சொல்லு."

"அப்ப பெட்டிய ஒரு தடவ அணைச்சுப் போடுங்க. நான் செத்த நேரத்துல கூப்பிடுதேன்."

அணைத்துப் போட்டார். கருப்புத் திரை வந்தது. இரண்டு பெயர். சோதிக்கத்தான் மேலே உள்ளதை, பழசை அமுக்கினார். பெட்டி உறுமி நின்றதும், டங் என்று தட்டல் கேட்டது. வலப்பக்கத்திலிருந்து. டி கதவுக்குப் பின்னாலிருந்து. போய்த் திறந்தார். அவள் அங்கே இருந்தாள், ஜன்னலோடு, முருங்கையோடு, எப்போதும்போல.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்படியே விட்டுவிடலாம். ஆனால் பழசில் படம் ஓடாது. கரண்டியை நீட்டிப் பார்த்தார். பல் கடித்திருந்தது. உதடு வெடித்து, கன்னம் இரண்டே நாளில் உள்ளே போயிருந்தது.

"தின்னுட்டி" என்றார். "தின்னுத் தொலையேன். எதுக்கு இந்தப் பாடு படுத்துத."

அவள் திறக்கவில்லை.

மழை இறங்கியது. சங்கையா மேஜைக்குப் போய்க் கிண்ணத்தைக் காலடியில் வைத்தார். அணைத்தார். போட்டார். கீழே உள்ளதை அமுக்கினார். பின்னால், சுவருக்கு அந்தப்பக்கம், கனமான ஏதோ ஒன்று தரையில் இழுபடும் சத்தம் மெதுவாக இடம் மாறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே ஜெபினைத் திட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"அண்ணாச்சி, ஜன்னல் படம் போட்ட பொத்தானையும் எக்ஸையும் சேத்து அமுக்குங்க. பொறவு கே. கட்டம் கட்டமா வருதா?"

"வருது."

"ஈன்னு போட்ட கட்டம். அதுதான் ஒங்க படம் இருக்கது. அதுல மவுஸ வச்சு வலப்பொத்தான அமுக்குங்க. எழுத்த மாத்தவான்னு ஒரு வரி வரும்."

அவன் சொல்லச் சொல்ல அவர் எழுத்துகளை மட்டும் பார்த்துத் தேடினார். ஒரு சின்னப் பெட்டி திறந்தது.

"அதுல சில பொத்தான் இருக்கும். ஏவுல ஆரம்பிக்கறது வேண்டாம். சியில ஆரம்பிக்கறத அமுக்கி, முதல்ல இசட்னு ஒரு எழுத்தக் கொடுங்க."

"எதுக்கு இசட்டு? அது டிதான?"

"டி இப்ப வேற ரூமுல இருக்குல்லா. ஒரு எழுத்து ஒரு எடத்துலதான் இருக்கும். அதனால தற்காலிகமா ஒரு பொய் எழுத்துக் கொடுத்து நகட்டி வச்சிட்டு, பொறவு மாத்திக்கிடலாம்."

சங்கையாவின் காது சூடாகியது. குடோனில் ஒருத்தன் ஒரே ஒரு மதியத்துக்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, பொதியில் பொய்க் குறி போட்டான். ஒரு லாட்டு நூல் முழுவதும் பாழ். அவனை வேலையைவிட்டு அனுப்பச் சொன்னது சங்கையாதான். தப்பான குறி என்றால் துடைக்க வேண்டும். துடைத்த இடத்தில் சரியானதை எழுத வேண்டும். குறிமேல் குறி போடக் கூடாது. வேலை என்றால் அதுதான்.

"பொய்க் குறி நான் போடமாட்டேன்."

"அண்ணாச்சி, இது பஞ்சுப் பொதி இல்ல."

"துடைச்சிட்டு எழுதுதேன். மில்லுல ஆர்னா நீக்கு. இங்க ஆர்ல ஆரம்பிக்கறது இருக்கே, அது துடைக்கறதுதான?"

"ஐயோ, அது வேண்டாம் அண்ணாச்சி. எழுத்த எடுத்துட்டா உள்ள இருக்கது அப்படியே இருக்கும். ஆனா உள்ள போக வழி இருக்காது. வாசலே இல்லாத ரூமு மாதிரி ஆயிரும். நான் சொல்லுதபடி..."

"நீ சொன்னபடி கேட்டுத்தாம்ல என் வீடு இப்படி நிக்கி."

போனை வைத்துவிட்டார்.

டங். டங்.

இரண்டு தட்டு. திருப்பிப் போடச் சொல்கிறாள். ஈ கதவுக்குப் பின்னாலிருந்து.

"இருட்டி. எல்லாம் சரியாக்கிட்டு வாரேன்."

ஆர் பொத்தானை அமுக்கினார். திரையில் ஏதோ கேட்டது. வாசிக்கத் தெரியவில்லை. ஒய் என்று ஒன்று, என் என்று ஒன்று. மில்லில் ஒய் என்றால் பொதி பாஸ்.

டங்.

ஒய்யை அமுக்கினார்.

கட்டத்தின் மேல் இருந்த ஈ போயிற்று.

அடுத்த தட்டு வரவில்லை. தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றதுபோல. சங்கையா புது எழுத்தைக் கொடுக்க மவுஸை நகர்த்தினார். மலைமேல் வெளிச்சம் கிழிந்தது. இடி. கரண்ட் போயிற்று. திரை அணைந்தது.

இருட்டு.

மழைச் சத்தம் மட்டும்.

"வெள்ளை" என்று கூப்பிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருசமாகிறது.

சுவரைத் தடவிக்கொண்டு போனார். ஒரு கதவு. பித்தளை ஆணி. டி. உள்ளே கை விட்டால் சாக்கு. அதைத் தாண்டி இடப்பக்கம் நகர்ந்தார். அடுத்த கதவுக்காகத் தடவினார். சுண்ணாம்பு. இன்னும் தடவினார். சுண்ணாம்பு. விரல் மூலையில் போய் முட்டியது. வீடு அங்கே முடிந்தது.

திரும்பி வந்தார். மறுபடி தடவினார். நிலை இல்லை. கீல் இல்லை. மெழுகு எழுத்தின் பிசுபிசுப்பு இல்லை. சில்லென்ற ஒரே சுவர்.

மின்னல். வெள்ளை அடித்த சுவர், டி கதவிலிருந்து மூலைவரை ஒரு பிளவும் இல்லாமல்.

கடப்பாரையை எடுத்தார். சுவரைக் குத்திக்கொண்டே கெட்ட வார்த்தையில் திட்டினார். பையனை. பெட்டியை. மகளை. பல்லைக் கடித்த அந்தப் பிடிவாதக்காரியை. காரை பெயர்ந்தது. செங்கல் பெயர்ந்தது. ஒரு கல் அகலம்தான் சுவர். ஓட்டை விழுந்தது. சாரல் முகத்தில் அடித்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் கொல்லை. முருங்கை மரம். மழை. அவ்வளவுதான். அறை இருந்த இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

டங்.

கடப்பாரை கீழே விழுந்தது.

டங். டங். டங். டங்.

எங்கிருந்து என்று தெரியவில்லை. உடைந்த செங்கல்லில் கையை வைத்தார். ஒவ்வொரு தட்டும் உள்ளங்கையில் அதிர்ந்தது. ஒரு கல் கனத்துக்குள்ளே. அங்கே.

"இருட்டி. இந்தா வாரேன். இந்தா."

மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்தார். சுவரில் டி எழுதினார். மறுபடி எழுதினார். கட்டி உடைந்தது. உடைந்த துண்டால் எழுதினார். நகத்தால் எழுதினார்.

கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது. கம்ப்யூட்டர் தானாக உறுமியது. கருப்புத் திரை. அதில் எப்போதும் இரண்டு பெயர் இருக்கும். ஒன்றுதான் இருந்தது. அதுவும் கேட்காமலே தானாகத் திறந்துகொண்டது. கட்டங்கள் வர என்னென்ன அமுக்க வேண்டுமோ ஒவ்வொன்றாக அமுக்கினார். வந்தன. சி இருந்தது. டி இருந்தது. எழுத்தில்லாமல் ஒரு கட்டம் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை.

தட்டல் நின்றது.

சுவருக்குள் ஒரு குரல் கேட்டது. திரையில் படம் ஓடவில்லை.

"வாயத் தொறம்மா."

மகளின் குரல்தான். ஆனால் படத்தில் அவள் இவ்வளவு மெதுவாகச் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வாய்."

பிறகு இன்னொரு குரல். வறண்டு, உடைந்து, விழுந்த நாளிலிருந்து அவர் கேட்டிராத குரல்.

"ஏட்டி, யாரு நீ?"

கிண்ணம் சங்கையாவின் காலடியில், அவர் வைத்த இடத்தில், ஆடை படிந்த கஞ்சியோடு இருந்தது. கரண்டியும் அதற்குள்தான் கிடந்தது.

சுவருக்குள், இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில், கரண்டி ஒன்று கிண்ணத்தை வழித்து எடுக்கும் சத்தம் கேட்டது.